'இந்தியர்' என்று எழுதிவிட்டு நகராதீர்கள்: மானிடவியலுக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களப்பணிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் குறிப்பேடுகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். என் தலைமுறை எங்கெல்லாம் சறுக்கியதோ அங்கேயேதான் இவர்களும் சறுக்குகிறார்கள். பேட்டிக்குத் தாமதமாகப் போவது, பாதியில் கைப்பேசி அணைந்துபோவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். தானாகத் திருந்தாதவை வேறு.

கிளைகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வது

உயிரியல் மானிடவியல், தொல்லியல், மொழிசார் மானிடவியல், சமூக பண்பாட்டு மானிடவியல் என்று நான்கு கிளைகள். தேர்வுக்கு இது போதும். ஆனால் நான்கையும் ஒரே துறையாகச் சேர்த்து வைத்திருப்பது அமெரிக்க மரபு. அங்கே துறையை வளர்த்த மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பிரிட்டனில் சமூக மானிடவியல் பெரும்பாலும் தனியாகவே வளர்ந்தது. இது தெரியாமல் இரு மரபுப் புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

தலையின் வடிவம் இனத்துக்கு இனம் மாறாத அடையாளம் என்று நம்பிய காலத்தில், நியூயார்க்கில் குடியேறியவர்களின் தலைகளையும் அவர்கள் பிள்ளைகளின் தலைகளையும் போவாஸ் அளந்து பார்த்தார். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் அளவுகள் பெற்றோருடையதிலிருந்து விலகியிருந்தன. 1912இல் வெளிவந்த அந்த ஆய்வில் அளந்தது உடலை. ஆட்டம் கண்டதோ இனம் பற்றிய நம்பிக்கை. நல்ல கேள்வி எதுவும் ஒரு கிளைக்குள் அடங்கி நிற்பதில்லை.

'முன்னேறிய', 'பின்தங்கிய'

இரண்டையும் எழுதாதீர்கள். மனித குலத்தைப் படிப்படியாக அடுக்கிய அமெரிக்க மானிடவியலாளர் மார்கனின் 1877ஆம் ஆண்டு வரிசையைத் துறை எப்போதோ கைவிட்டுவிட்டது.

அடையாள அட்டையில் இருப்பதைப் பண்பாடு என்று எடுத்துக்கொள்வது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு இன வகைகளும் சிங்கப்பூரில் பிறந்ததிலிருந்தே நம்மோடு வருகின்றன. அதனாலேயே 'சிங்கப்பூர் இந்தியர்களின் திருமணச் சடங்குகள்' என்று ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தயங்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு குழு ஒரு பருவம் முழுக்க அலைந்தது. உழைப்பில் குறையே இல்லை. யாரையெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். இலங்கைத் தமிழ்ப் பாட்டி, தமிழ் முஸ்லிம் ஆசிரியர், மலையாளித் தாதி, தஞ்சாவூரிலிருந்து வந்த கட்டுமான ஊழியர் என்று அடுக்கினார்கள். பேட்டிகளின் எழுத்துப்படிகளை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் தலையிலும் "இந்தியர், பெண், 60க்கு மேல்", "இந்தியர், ஆண், 30–40" என்று மட்டுமே இருந்தது. குடும்பம் எப்போது இங்கே வந்தது, வீட்டில் என்ன மொழி, எந்தக் கோவில், எந்தப் பள்ளிவாசல் என எதுவும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட பேட்டிகள் யாருடையவை என்று எடுத்தவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் அறிக்கையில் நின்ற முடிவு: "இந்தியரிடையே வழக்கங்கள் மாறுபடுகின்றன." இதைச் சொல்ல யாரையும் தொந்தரவு செய்திருக்கத் தேவையில்லை. மணிக்கணக்காக உட்கார்ந்து பேசிய பெரியவர்களின் நேரம் வீணாய்ப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அதே குழுவில் ஒரு மாணவி மலாக்கா செட்டிப் பாட்டி ஒருவரைச் சந்தித்திருந்தார். "இந்தியர், தாய்மொழியை இழந்தவர்" என்று எழுதியிருந்தார். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்த சமூகம் அது. பேச்சு மலாய், உடை கபாயா, கும்பிடுவது சிவனையும் அம்மனையும். பொங்கலுக்கு முதல் நாள் 'பர்ச்சு' என்று மூதாதையருக்கு வாழையிலையில் சோறும் கறியும் படைப்பார்கள். அந்தப் படையலை யார் சமைக்கலாம், யாருக்காகப் படைக்கிறோம் என்று பாட்டி நெடுநேரம் சொல்லியிருக்கிறார். குறிப்பேட்டில் இருந்தது அரை வரி: "உணவு பற்றிப் பேசினார்." அந்தப் பாட்டி எதையும் இழக்கவில்லை. இழந்தது அந்த ஆய்வு.

இதைச் சொன்னதும் சிலர் மறுகோடிக்குப் போய்விடுவார்கள்: "அப்படியானால் இந்த வகைகள் எல்லாம் வெறும் கற்பனை." அதுவும் தவறு. பள்ளியில் எந்தத் தாய்மொழிப் பாடம் என்பதை இந்த வகை தொடுகிறது. 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை யாருக்கு விற்கலாம் என்பதையும் இன ஒதுக்கீட்டின் வழியே தொடுகிறது. காலனியக் கால மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேரோடிய ஒரு வகைப்பாடு இன்று மனிதர்களின் வாழ்க்கையை எப்படி வளைக்கிறது என்பது அருமையான ஆய்வுப் பொருள். அதை ஆராயுங்கள், அதையே விடையாக எழுதாதீர்கள்.

சரி, பிறகு எப்படித் தொடங்குவது? நார்வே மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் காட்டிய வழி இன்றும் உதவுகிறது: ஒரு குழுவுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போடாமல், அவர்களே எங்கே எல்லை போடுகிறார்கள் என்று பாருங்கள். திருமணத்துக்கு யாருக்கு முதல் பத்திரிகை? சாவு வீட்டுக்கு யார் சொல்லாமலே வருகிறார்கள்? சவுத் பிரிட்ஜ் சாலையில் ஒரு நாள் நில்லுங்கள். மாரியம்மன் கோவிலும் சூலியா பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. இரண்டுக்கும் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. வருகிறவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள், யாரிடம் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். 'இந்தியர்' என்ற சொல் எந்த இடத்தில் வருகிறது, எந்த இடத்தில் வரவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டரை முதலில் எடுப்பது

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கு உங்கள் கேள்வியைவிட அவருடைய வேலை அனுமதி முக்கியம். எதற்காகக் கேட்கிறீர்கள், பதிவை யார் கேட்பார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். அவர் பெயரும் நிறுவனமும் விடுதியும் ஒரே தாளில் இருக்கக் கூடாது.

"நாளைக்கு எழுதலாம்"

கூடாது. அன்றிரவே எழுதுங்கள்.

ஒரே இடத்தில் வைப்பது

இந்திய மானிடவியலாளர் எம். என். சீனிவாஸ் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1948இல் களப்பணி செய்தார். பல ஆண்டுகள் பகுத்து ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் அவருடைய அறையில் இருந்தன. அங்கே தீ வைக்கப்பட்டபோது மூன்றும் எரிந்தன. நினைவிலிருந்து ஒரு புத்தகமே எழுத அவரால் முடிந்தது. நீங்கள் ஒரு படியை வேறு கட்டடத்தில் வையுங்கள்.