எம்ஜிபி ஸ்டீயரிங்கை மாற்றலாம், ஆனால் நட்டை முழுசாகக் கழற்றாதீர்கள்

இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் கைவைத்துப் பழகத் தோதான வண்டி. ஸ்டீயரிங்கில் ஏர்பேக் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்தான். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் இந்த முறை வேண்டாம், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் அளவு. பவர் ஸ்டீயரிங் இல்லாத கார் இது. அழகுக்காக 16 அங்குலத்திலிருந்து 13க்கு இறங்கினால் கைக்கு வேலை கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். ஓடும்போது தெரியாது, பார்க்கிங்கில் தோள் சொல்லும். என் ஓட்டு 14 அல்லது 15க்குத்தான்.

புது ஸ்டீயரிங் சக்கரம் ஸ்டீயரிங் தண்டில் நேராக உட்காராது. நடுவில் ‘பாஸ்’ என்ற இணைப்பு வேண்டும். அதை உங்கள் காரின் ஆண்டைச் சொல்லி வாங்குங்கள். ஸ்க்ரூ துளைகளையும் பாருங்கள்: மோமோ கம்பெனி சக்கரத்துக்கு 70 மி.மீ. வட்டத்தில் ஆறு, நார்டி கம்பெனிக்கு 74. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மாட்டும்போதுதான் பல்லிளிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முன்சக்கரங்களை நேராக வைத்து நிறுத்துங்கள். பேட்டரியில் பாடியோடு சேர்ந்த முனையை முதலில் கழற்றுங்கள். 1967க்கு முந்தைய வண்டிகளில் அது பாசிட்டிவ் முனை, ஏமாந்துவிடாதீர்கள். அப்புறம் துணி சுற்றிய ஸ்க்ரூட்ரைவரால் ஹார்ன் மூடியை மெதுவாக நெம்புங்கள். உள்ளே தெரியும் ஒயரும் ஸ்பிரிங்கும் எப்படி இருந்தன என்று போனில் ஒரு படம்.

நட்டைத் தளர்த்தும்போது ஸ்டீயரிங் சக்கரத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஸ்டீயரிங் லாக்கை நம்பி முறுக்கினால் லாக்தான் உடையும். நட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி அப்படியே விடுங்கள். தண்டிலும் சக்கரத்திலும் நேருக்கு நேர் ஒரு புள்ளி போடுங்கள். இப்போது சக்கரத்தின் இரு பக்கமும் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்தபடி இழுங்கள். ஐம்பது வருடம் பிடித்த தண்டின் பற்கள் ‘டக்’கென்று ஒரே நொடியில் விடும். நட் இருந்தால் சக்கரம் அதில் முட்டி நிற்கும். நான் முதல்முறை நட்டை எடுத்துவிட்டு இழுத்தேன். சக்கரம் நின்றது என் மேலுதட்டில்.

வரவில்லையா? சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் கருவியான புல்லர் போடுங்கள். தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. பிந்தைய மாடல்களில் விபத்தில் மடங்குவதற்கென்றே செய்த தண்டு இருக்கிறது; உங்கள் அடிக்கே அது மடங்கிவிடலாம்.

சக்கரம் பற்களை விட்டதும் நட்டைக் கழற்றி அதை எடுத்துவிடுங்கள். பாஸைத் தண்டில் போட்ட புள்ளிக்கு நேராக உட்காரவைத்து, ஹார்ன் ஒயரை இணைத்து, நட்டை உங்கள் ஆண்டுக்கான மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்குங்கள். பிறகு புதுச் சக்கரத்தை வைத்து ஆறு ஸ்க்ரூக்களையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக.

பேட்டரியை இணைத்து, ஹார்ன் அடித்துப் பார்த்து, தெருவில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். கார் நேராகப் போகும்போது சக்கரம் சாய்ந்திருந்தால் மறுபடி கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். சோம்பல்பட்டுக் கீழே முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடில் சரிசெய்யாதீர்கள். அப்புறம் இண்டிகேட்டர் ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் அணையும்.