மரச்செக்கு எண்ணெய் விற்பனை: வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பைச் சமாளிக்கும் முறை

மரச்செக்கில் எண்ணெய் வாங்க வருபவர் இன்று பெரும்பாலும் கைபேசிச் செயலியில் மளிகை வாங்கிப் பழகியவராகவே இருக்கிறார். காலையில் கேட்ட பொருள் மாலைக்குள் வாசலுக்கு வர வேண்டும், சென்ற முறை இருந்த அதே நிறமும் மணமும் இருக்க வேண்டும், பிடிக்காவிட்டால் மறுபேச்சின்றித் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பழக்கத்தை அவர் செக்குக் கடைக்கும் கொண்டு வருகிறார். இவற்றில் எதை ஏற்பது, எதை ஆர்டர் எடுக்கும்போதே மறுத்துவிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேகத்தில் போட்டியிட வேண்டாம். ஆட்டிய எண்ணெய் கசடு இறங்கித் தெளியவே இரண்டு மூன்று நாள் ஆகிறது. அவசரப்பட்டு நிரப்பினால் புட்டியின் அடியில் மண்டி தங்கி, அதுவே அடுத்த புகாராக வரும். வாரத்தில் ஆட்டும் நாள்களை நிலையாக வைத்து, எந்த நாளில் அனுப்புவீர்கள் என்பதை, உண்மையில் தேவைப்படுவதைவிட ஒரு நாள் கூட்டியே சொல்லுங்கள். சொன்ன நாளுக்கு முன்பே வந்த பார்சலைப் பற்றி எவரும் புகார் சொல்வதில்லை.

நிறமும் மணமும்தான் கடினமான பகுதி. கறுப்பு எள்ளா, சிவப்பு எள்ளா, எள் புதியதா, ஆட்டும்போது சேர்த்த கருப்பட்டி எவ்வளவு என்பதைப் பொறுத்து நல்லெண்ணெய் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். சுத்திகரிப்பு ஆலைகள் நிறத்தையும் வாடையையும் நீக்கிவிடுவதால் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி எண்ணெய் தர முடிகிறது. செக்கில் அது இயலாது. ஆனால் "இயற்கைப் பொருள் அப்படித்தான் இருக்கும்" என்ற பதில், பணம் கொடுத்தவரை அமைதிப்படுத்தாது. புட்டியின் மேல் எள்ளின் வகையையும் ஆட்டிய தேதியையும் தொகுதி எண்ணையும் எழுதுங்கள். ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் 100 மில்லி எடுத்து, அந்தத் தொகுதியின் காலாவதித் தேதி வரை வைத்திருங்கள். காறல் வாடை என்று புகார் வந்தால் அதைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகே பதில் சொல்லலாம். வழக்கமாக ஈரோடு மாவட்டம் சிவகிரியில் நடக்கும் ஏலத்தில் எள் எடுப்பவர் ஒரு முறை வேறு சந்தையில் வாங்க நேர்ந்தால், அனுப்புவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வரி தெரிவிப்பது நல்லது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதையும் புட்டியிலேயே அச்சிடுங்கள். மார்கழியில் வரும் "கலப்படம்" என்ற குற்றச்சாட்டுகளில் கணிசமானவை அந்த ஒரு வரியில் நின்றுவிடும்.

சட்டப்படி அச்சிட வேண்டியவற்றில் குறை வைக்காதீர்கள்: 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர அளவு, அனைத்து வரிகளும் அடங்கிய அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு விவரம் முதலியன. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாததால், வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தவர் அளவில் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். எண்ணெயின் கொள்ளளவோடு எடையையும் குறிப்பிடுமாறு மத்திய அரசு 2022-இல் அறிவுறுத்தியதை அப்படியே பின்பற்றினால் இந்தச் சந்தேகம் எழாது. "இதயத்துக்கு இதமானது", "கொலஸ்ட்ராலை எதிர்ப்பது" போன்ற வாசகங்களுக்கு எண்ணெய் லேபிளில் தடை உண்டு; பக்கத்துக் கடைக்காரர் போட்டிருக்கிறார் என்பது ஒரு காரணமாகாது.

விலையைப் பற்றிய கேள்விக்கு வாதத்தைவிடக் கணக்கே ஏற்றது. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் தேவைப்படுகிறது என்பதையும், அன்றைய எள் விலையையும், ஆட்டுக்கூலியையும், பிண்ணாக்கு விற்று வரும் தொகையையும் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். எள் விலை ஏலத்துக்கு ஏலம் மாறினாலும், உங்கள் விலையை மாதத்துக்கு ஒரு முறை மட்டுமே மாற்றுங்கள்.

புகார்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். சொந்த இணையதளத்தில் விற்கும் நிறுவனம், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் விற்பவரும் இதையே தமக்கு வரம்பாக வைத்துக்கொள்ளலாம். கசிந்து வந்த புட்டிக்குப் படம் ஒன்று கேட்டு, விவாதமின்றி மாற்று அனுப்பிவிடுங்கள், ஏனெனில் அது நீங்கள் கட்டிய கட்டின் குறை. சுவை பிடிக்கவில்லை என்று திறந்த புட்டியைத் திருப்ப விரும்புபவரிடம் அப்படி நடந்துகொள்ள முடியாது. அந்த எண்ணெயை வேறொருவருக்கு விற்க இயலாது. எனவே புதியவர் ஐந்து லிட்டர் கேட்டாலும், முதலில் 200 மில்லி புட்டியை வாங்கிச் சமைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.