பி.எட். இன்டர்ன்ஷிப்: முதல் வார வகுப்புகளை எடுப்பது எப்படி?

பள்ளி எது என்று தெரிந்ததும் புத்தகத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கடலூர் அரசுப் பள்ளிகளில் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத் தொலைவுதான், ஆனால் ஓர் ஊருக்கு எழுதிய பாடக்குறிப்பு அடுத்த ஊரில் உதவாது.

முதல் இரண்டு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பைப் பாருங்கள். பெஞ்ச் வரிசைப்படி பெயர்களை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நீங்கள் வகுப்பெடுக்கும் முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதி சத்தம் அடங்கும்.

கல்லூரியில் நுண்நிலைக் கற்பித்தலுக்கு, அதாவது ஒரு திறனை மட்டும் பழகும் குட்டி வகுப்புக்கு, ஐந்தாறு நிமிடம், எதிரே சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் சக மாணவர்கள். அந்த வேகத்தில் போனால் 40 நிமிடப் பாடம் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மிச்ச நேரம்தான் ஆபத்து. ஆகவே இப்படிப் பிரிக்கலாம்: வருகைப்பதிவுக்கும் பலகையில் தேதி, தலைப்புக்கும் 5 நிமிடம், முந்தைய பாடத்தை நினைவூட்ட 5, விளக்க 12, மாணவர்கள் எழுத 10, சரிபார்க்க 5, வீட்டுப்பாடம் சொல்ல 3. விளக்கம் 12 நிமிடத்தைத் தாண்டினால் பின்வரிசையில் பேச்சு தொடங்கும். கையிருப்பாக இரண்டு சின்னப் பயிற்சிகள் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி கேட்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே கோரஸ் பாடும், யாருக்கும் புரிந்திருக்காது. ஆவியாதல் பாடமா? "மரக்காணம் உப்பளத்துல மழைக்காலத்துல ஏன் உப்பு எடுக்கறதில்ல?" என்று கேளுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகுதான் பெயரைச் சொல்ல வேண்டும். முதலிலேயே பெயரைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தப்பித்தோம் என்று யோசிப்பதையே விட்டுவிடுவார்கள். "மழை பெய்யும்ல சார்" என்ற பதிலோடு நிற்காமல், வெயில், காற்று, ஈரப்பதம் என்று ஒவ்வொன்றாக அவர்கள் வாயிலிருந்தே வரவழையுங்கள். தவறான பதிலுக்கு "தப்பு, உட்காரு" வேண்டாம். அடுத்த பீரியடில் அந்தக் கை எழாது.

கரும்பலகையை மூன்றாகப் பிரியுங்கள். இடப்பக்கம் தேதி, தலைப்பு, முக்கியக் குறிப்புகள். இதை மணி அடிக்கும்வரை அழிக்கக் கூடாது. நடுவில் படம், கணக்கு. வலப்பக்கம் புதுச் சொற்கள். எழுத்து இரண்டு அங்குல உயரமாவது இருக்கட்டும். இடைவேளையில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். முதுகைக் காட்டி ஒரேயடியாக எழுதாமல், பக்கவாட்டில் நின்று இரண்டு வரி, திரும்பி ஒரு பார்வை. மழை நாளில் பலகை ஈரம் பிடித்து சாக்பீஸ் வழுக்கும். ஒரு காய்ந்த துணி பையில் இருக்கட்டும்.

செயல்பாட்டுக்கு முன் என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடம், யாரோடு சேர்ந்து என்பதைச் சொல்லி முடித்த பிறகே தாளைக் கொடுங்கள். தாள் கைக்குப் போய்விட்டால் உங்கள் பேச்சு யார் காதிலும் ஏறாது. சத்தம் கூடினால் நீங்களும் கத்தாதீர்கள். பேச்சை நிறுத்தி, பேசுகிறவன் பெஞ்சருகே போய் நில்லுங்கள். யாராவது பிரம்பை நீட்டினாலும் வாங்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பதும் வேண்டாம். அந்தப் பிள்ளை எங்கே போனாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்டர்ன்ஷிப் விழுந்தால் மழை விடுமுறை குறுக்கிடும். பாடக்குறிப்பில் முன்கூட்டியே தேதி போடாமல் பீரியடு எண் மட்டும் போட்டு வையுங்கள். எடுத்த அன்று தேதி எழுதி, அன்றே கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். பயிற்சி வகுப்பு, தேர்தல் பணி என்று வழிகாட்டி ஆசிரியர் கிளம்பிவிட்டால் ரெக்கார்டு நோட்டோடு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.