304 கெட்டிக்காரரும் கசினோ மேசையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் 304 ஆடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்து இஸ்தோப்பில் நாலு பேர் சேர்ந்தால் போதும், கடதாசிக் கட்டு வெளியே வந்துவிடும். ஜேக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. நாலு வகைக்கும் கூட்டினால் 304. இறங்கிய சீட்டையெல்லாம் மனதில் வைத்து, யார் கையில் துரும்பு மிச்சம் என்று கணக்குப் பிடிக்கும் மூளை நம் ஆட்களுக்கு உண்டு. கொழும்புக்குப் போய்க் கசினோ மேசையில் உட்காரும்போது நடக்கும் முதல் தவறு, அந்த மூளை இங்கேயும் காப்பாற்றும் என்று நம்புவதுதான்.

304இல் ஒருவர் தோற்பது எதிரே இருப்பவருக்குப் போகிறது. திறமை உள்ளவர் ஜெயிப்பார். கசினோவில் எதிரே இருப்பது ஆள் இல்லை, விதி. பிளக்ஜெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 21ஐத் தாண்டாமல் டீலரை, அதாவது கசினோவுக்காகச் சீட்டுப் போடுபவரை, விடக் கூடுதலாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதலில் சீட்டு எடுப்பது நீங்கள். நீங்கள் 21ஐத் தாண்டிய உடனே உங்கள் காசு போய்விடும். அதே கையில் டீலரும் பிறகு தாண்டினாலும் அது திரும்பி வராது. அவர்களின் லாபம் அந்த ஒரு விதிக்குள்தான் இருக்கிறது. எந்தக் கைக்குச் சீட்டு எடுப்பது, எந்தக் கைக்கு நிற்பது என்று படித்து வைத்துக்கொண்டு பிசகாமல் ஆடுபவருக்கும், வழக்கமான விதிகளில், 100 ரூபாவுக்குச் சுமார் 50 சதம் வீதம் நட்டம் இருந்துகொண்டே இருக்கும். மனம்போனபடி ஆடுபவருக்கு அது பல மடங்கு.

திறமையால் செய்ய முடிந்தது நட்டத்தைக் குறைப்பது மட்டும்தான். அந்த அளவில் சில விடயங்களைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். டீலரின் திறந்த சீட்டு 7 அல்லது அதற்கு மேல் என்றால், உங்கள் கையில் 12 முதல் 16 வரை இருக்கும்போது பயந்து நிற்காமல் இன்னொன்று எடுப்பதுதான் கணக்குக்குச் சரி. டீலரிடம் 4, 5, 6 தெரிந்தால் அதே கைக்கு நின்றுவிட வேண்டும். டீலரிடம் ஆஸ் விழுந்ததும் "இன்ஷூரன்ஸ் வேண்டுமா" என்று கேட்பார்கள். பெயரைக் கேட்டால் பாதுகாப்பு மாதிரி இருக்கும். அது ஒரு தனிப் பந்தயம். டீலரின் மறைந்த சீட்டு பத்தாக இருந்தால் இரண்டு மடங்கு தருவார்கள். அந்த விலைக்கு நியாயமாக மூன்றில் ஒரு தடவை பத்து வர வேண்டும். சீட்டுக் கட்டில் பத்துப் பெறுமதியுள்ளவை (இங்கே பத்து, ஜேக், ராணி, ராஜா எல்லாம் பத்துதான்) பதின்மூன்றுக்கு நாலுதான். ஆகவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு சீட்டிலேயே ஆஸும் பத்தும் சேர்ந்து 21 வந்தால், அதாவது பிளக்ஜெக் விழுந்தால், எவ்வளவு தருகிறார்கள் என்பதையும் உட்காரும் முன் மேசையில் பாருங்கள். 3க்கு 2 என்று எழுதியிருந்தால் 1,000 ரூபாவுக்கு 1,500 கிடைக்கும். 6க்கு 5 என்றால் 1,200தான். அந்த மேசையில் உட்காரவே வேண்டாம்.

இப்போது நான் பெரிதாக நினைக்கும் தவறுக்கு வருகிறேன். "பத்தாயிரம்தான் கொண்டு போனேன், பத்தாயிரத்துக்குத்தான் ஆடினேன்" என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. ஜெயித்ததைத் திரும்ப வைத்து, தோற்றதை ஈடுகட்ட வைத்து, அதே காசு மேசைக்கும் கைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கசினோ தன் பங்கை எடுப்பது நீங்கள் கொண்டு போன காசில் இல்லை, ஓடிய காசு முழுவதிலும்தான்.

பக்கரா மேசையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதில் பேங்கர், பிளேயர் என்று இரண்டு பக்கம், எது ஜெயிக்கும் என்று வைப்பதுதான் ஆட்டம். ஒரு கைக்கு 1,000 ரூபா, மணிக்கு 60 கை என்றால் ஒரு மணி நேரத்தில் 60,000 ரூபா ஓடும். பேங்கர் பக்கம் வைத்தால் கசினோவின் பங்கு 1.06 வீதம், பிளேயர் பக்கம் 1.24 வீதம். மணிக்குச் சராசரியாக 640 முதல் 740 ரூபா வரை கரையும். மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபா. 2026 வரவுசெலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளருக்குச் சொன்ன நாட்சம்பளம், வரவுக் கொடுப்பனவு 200 ரூபாவும் சேர்த்து, 1,750. மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுவதும் கொழுந்து பறித்துப் போட்ட ஒரு பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட அந்த நட்டம் கூட. அதுவும் மேசையில் உள்ள நல்ல பந்தயத்தில். இரண்டு பக்கமும் சமமாக வரும் "டை"க்கு எட்டு மடங்கு தருகிறார்களே என்று ஆசைப்பட்டு அதிலேயே வைத்தால் பங்கு 14.36 வீதம். அதே ஒரு மணி நேரத்தில் 8,600 ரூபா. ஆகவே ஆடத்தான் போகிறீர்கள் என்றால் சிறிய தொகையாக வையுங்கள், மெதுவாக ஆடுங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள். சாப்பாடும் குடியும் இலவசமாக வருவது உங்களை எழுந்திருக்க விடாமல் வைப்பதற்குத்தான். குடித்துவிட்டு ஆடவே கூடாது.

இதற்கெல்லாம் முன்பே வாசலில் ஒரு செலவு இருக்கிறது. இலங்கைக் குடிமக்களுக்கான கசினோ நுழைவு வரியை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தும் திருத்தம் 2025இல் வந்தது. டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 100 டொலர் 30,000 ரூபா. பதினேழு நாள் சம்பளம், ஒரு சீட்டு கையில் வாங்கும் முன்பே.

தோற்றால் இரட்டிப்பாக வைத்துக்கொண்டே போ, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் வந்துவிடும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 500 ரூபாவில் தொடங்கி ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் 63,500 ரூபா போயிருக்கும். எட்டாவதாக 64,000 வைக்க வேண்டும். ஜெயித்தால் மிஞ்சுவது வெறும் 500. ஓரிரவில் நூறு இருநூறு கை ஓடும் மேசையில் ஏழு தோல்வி அடுத்தடுத்து வருவது அபூர்வம் இல்லை. அதற்குள் மேசையின் உச்ச வரம்பு குறுக்கே வந்து நிற்கும், அல்லது பொக்கற் காலியாகும். சிவப்பு, கறுப்பு எண்கள் உள்ள சக்கரத்தில் பந்து ஓடும் ரூலட்டில், "இவ்வளவு நேரம் கறுப்பே விழுந்தது, இனிச் சிவப்புத்தான்" என்ற நினைப்பும் இதே சாதி. 1913 ஓகஸ்ட் 18 அன்று மொண்டி கார்லோவில் ரூலட் சக்கரத்தில் கறுப்பு 26 தடவை தொடர்ந்து விழுந்தது. இனிச் சிவப்பு வராமல் போகுமா என்று வைத்தவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது.

ஊருக்குள் நடக்கும் ஆட்டத்துக்கும் இதே கண்ணால் பாருங்கள். சம்பள நாளில் இடம் கொடுத்து, உள்ளே வெளியே ஆடவைத்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்பவர் இருந்தால் அவர்தான் அங்கே கசினோ. ஐந்து பேர் ஆளுக்கு 2,000 ரூபாவோடு உட்கார்கிறார்கள் என்று வையுங்கள். ஆட்டத்துக்கு 50 ரூபா அவருக்கு, இரவில் நூறு ஆட்டம். விடியும்போது வந்த பத்தாயிரத்தில் ஐயாயிரம் அவர் மடியில். மிச்சத்துக்குத்தான் ஐந்து பேரும் அடித்துக்கொள்கிறார்கள். பொது இடத்தில் காசு வைத்து ஆடுவது 1889ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம். பொலிஸ் வந்தால் ஆடியவர்களும் சேர்ந்துதான் மாட்டுவார்கள்.

இப்போது போனுக்குள் வந்துவிட்ட கசினோக்கள்தான் எனக்கு அதிகம் கவலை தருகின்றன. கொழும்புக்குப் போக ஒரு நாள் வேண்டும், பஸ் காசு வேண்டும். அந்தத் தடை இங்கே இல்லை. படுக்கையில் கிடந்தபடியே, வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாதச் சம்பளத்தை முடித்துவிடலாம். "போனஸ்" என்று 10,000 ரூபா போட்டுக் காட்டுவார்கள். எடுப்பதற்கு முன் அதை 30 தடவை ஆட வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் 3 இலட்சம் ரூபா ஓட வேண்டும். சக்கரத்தில் ஒரே ஒரு பூச்சியம் உள்ள ரூலட்டில் கசினோவின் பங்கு 2.7 வீதம், அதாவது 8,100 ரூபா. போனஸில் பெரும்பங்கு அதோடு சரி. ஜெயித்த காசை எடுக்க "முதலில் வரி கட்டுங்கள்" என்று கேட்டால் அது மோசடி, ஒரு சதமும் அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்குப் பாவிக்கத் தந்தால் கமிஷன் தருகிறோம் என்பவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். களவுக் காசு உங்கள் கணக்கு வழியாகப் போனால் விசாரணைக்கு நிற்பது நீங்கள்தான்.

எல்லையை வீட்டில் வைத்துத்தான் போட வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு போடும் எல்லை நிற்காது. அரிசி, பிள்ளைகளின் ரியூஷன், கடைக் கடன், மாதச் சீட்டுக்குக் கட்டும் காசு எல்லாம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில், முழுவதும் போனாலும் வீட்டில் யாரும் முகம் சுளிக்காத தொகை எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பல வீடுகளில் அது பூச்சியமாக வரும். அப்படி வந்தால் போகக்கூடாது. தீபாவளி முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படப்போகும் கடன், அதைத் தொடக்கூடாது. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் ஒரு ஆயுள் உழைப்புக்குக் கிடைப்பவை. ஓய்வு பெற்றவரின் கையில் அந்தத் தொகை இருக்கும் முதல் சில மாதங்களில் ஆசைகாட்டுபவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். வங்கி நிலையான வைப்பில் போட்டுவிட்டு, கணக்கை மனைவி பெயரோடு கூட்டாக வைத்தால் நல்லது. அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ ஆடுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. போகும்போது வங்கி அட்டையை வீட்டில் விட்டுச் செல்லுங்கள், திரும்பும் பஸ் காசைத் தனியாக முடிந்துகொள்ளுங்கள்.

தோற்றதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போவது, எங்கே போனோம் என்று பொய் சொல்வது, தோட்டுக்கும் சங்கிலிக்கும் கணக்கில்லாமல் போவது, இவை தெரிந்தால் அந்த ஆளைத் திட்டி ஆவது ஒன்றுமில்லை. இது மனநலப் பிரச்சினை, வைத்தியம் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். 1333உம் இலவச ஆலோசனை இலக்கம். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் இருக்கிறது. வீட்டார் பாசத்தில் செய்யும் தவறு, கடனை அடைக்கச் சொல்லிக் காசை அவர் கையிலேயே கொடுப்பது. அது மறுபடியும் மேசைக்குத்தான் போகும். அடைக்கத்தான் வேண்டும் என்றால் கடன் கொடுத்தவரிடம் நீங்களே நேரில் கட்டி, எவ்வளவு தீர்ந்தது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.