சேர்ந்த சில வாரங்களிலேயே அதைவிட நல்ல வேலை கிடைத்தால்: முறையாக விலகும் வழி

வேலை தேடும் காலத்தில் எவரும் ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதில்லை. பல இடங்களில் நேர்காணல் நடக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் முடிவெடுக்கிறது. கையில் முதலில் கிடைத்த வேலையில் சேர்ந்துவிட்ட பிறகு, உண்மையில் விரும்பிய இடத்திலிருந்து அழைப்பு வருகிறது. இந்த நிலையில் விலகுவது குற்றமன்று. தகுதிகாண் பருவம் என்று ஒன்றை நிறுவனங்கள் வைத்திருப்பதே, பொருந்தாவிட்டால் இரு தரப்பும் அதிகச் சேதமின்றிப் பிரிந்துகொள்ளத்தான். பெயர் கெடுவதும் பணம் போவதும் பெரும்பாலும் விலகியதால் நேர்வதில்லை. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற வரிசை தவறுவதால் நேர்கின்றன.

ஆகவே முதல் விதி, புதிய வேலை எழுத்தில் உறுதியாகும்வரை பழைய இடத்தில் எவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது. தொலைபேசியில் மனிதவளத் துறையினர் "உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்று சொல்வது மகிழ்ச்சியான செய்திதான் என்றாலும், அது வேலை ஆகாது. பதவி, ஊதியம், சேர வேண்டிய தேதி, பணியிடம் ஆகிய நான்கும் எழுதப்பட்டு, அதிகாரம் பெற்றவர் கையொப்பமிட்ட கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். கடிதம் வந்தபின்னும் அதன் அடிப்பகுதியை நிதானமாகப் படியுங்கள். பின்புலச் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் ஆய்வு ஆகியவை திருப்தியாக முடிந்தால்தான் இந்த நியமனம் செல்லும் என்று ஒரு வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். அப்படியிருந்தால், இவற்றில் எவை முடிந்துவிட்டன, எவை மீதமுள்ளன என்று புதிய நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் பெற்ற பிறகே ராஜினாமாவைப் பற்றிச் சிந்திக்கலாம். உங்கள் பணியுரிமை விசா தற்போதைய நிறுவனத்தைச் சார்ந்ததாக இருந்தால், புதிய நிறுவனத்தின் பெயருக்கு அது மாறுவதற்கான நடைமுறை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் இந்தக் கேள்விகளில் சேர வேண்டும். அந்த ஒன்றில் மட்டும் அவசரப்பட்டால், வேலையோடு அந்நாட்டில் தங்கும் உரிமையும் கைவிட்டுப் போகலாம்.

சரிபார்ப்பின்போது தற்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். இப்போதைக்கு வேண்டாம் என்று குறிப்பிட உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல நிறுவனங்கள் அதை மதிக்கின்றன. அதே வேளையில், தற்போது ஓரிடத்தில் பணியில் இருக்கிறீர்கள் என்பதையே புதிய இடத்தில் மறைத்துவிடாதீர்கள். வருங்கால வைப்புநிதி, வரிப் பிடித்தம் போன்ற பதிவுகளில் நீங்கள் எங்கே எப்போது சேர்ந்தீர்கள் என்பது பதிந்துவிடுகிறது. சேர்ந்து சில வாரங்களில் விலகியது எளிதில் மன்னிக்கப்படும். மறைத்தது தெரியவந்தால் கிடைத்த நியமனமே ரத்தாகலாம்.

உண்மையிலேயே மேலானதா?

இதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். தற்போதைய ஆண்டு ஊதியம் 100 என்றும் புதிய இடத்தில் 130 என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 130இல் 25 பங்கு, இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் மாறுபடும் ஊதியம் என்றால், உறுதியாகக் கைக்கு வருவது 105தான். முதல் ஆண்டில் மட்டும் தரப்படும் சேர்க்கை போனஸையும் ஊதியத்தோடு கூட்டிச் சொல்லும் வழக்கம் உண்டு. அதையும் கழித்துவிட்டுப் பாருங்கள். இந்த ஐந்து பங்குக்காகவே விலகுவது என் கருத்தில் வீண்வேலை. செய்யப்போகும் பணி மாறுகிறது, நீங்கள் பல காலமாக நுழைய முயன்ற துறை திறக்கிறது, குடும்பத்தோடு இருக்க முடிகிறது என்பவை வேறு. அவற்றுக்காகக் குறைந்த ஊதியத்துக்குக்கூட மாறலாம்.

இதற்கு முந்தைய வேலையையும் இப்படித்தான் குறுகிய காலத்தில் விட்டீர்களா என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒரு முறை என்றால் அதற்குக் காரணம் சொல்லலாம், கேட்பவரும் ஏற்றுக்கொள்வார். அடுத்தடுத்து இரண்டு முறை என்றால், மூன்றாவது இடத்தில் நேர்காணல் செய்பவர் உங்கள் திறமையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே அதைப் பற்றித்தான் கேட்பார்.

கையொப்பமிட்ட தாளில் என்ன இருக்கிறது

ராஜினாமா செய்வதற்கு முன்பே, சேர்ந்தபோது கையொப்பமிட்ட நியமனக் கடிதத்தையும் அதனுடன் இணைந்த விதிகளையும் எடுத்து முழுமையாகப் படிக்க வேண்டும். சேரும் நாளின் பரபரப்பில் எவரும் இவற்றைப் படிப்பதில்லை என்பது மனிதவளத் துறைக்கும் தெரியும்.

முன்னறிவிப்புக் காலம், அதாவது விலகுவதாகத் தெரிவித்த பிறகு பணியாற்ற வேண்டிய காலம், எவ்வளவு என்பதே முதலில் தேட வேண்டியது. தகுதிகாண் பருவத்துக்கு ஒரு கால அளவும், பணி நிலைப்படுத்தப்பட்ட பிறகு மற்றொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கக் கூடும்; முதலாவது பெரும்பாலும் குறைவாக இருக்கும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் ஒரு மாதம் பணியாற்றிவிட்ட ஒருவர் குறைந்தது ஒரு வார முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தம் அதைவிட நீண்ட காலத்தைக் கோரலாம். ஜெர்மனியில் தகுதிகாண் பருவம் அதிகபட்சம் ஆறு மாதம். அந்தக் காலத்தில் பொதுவான முன்னறிவிப்பு இரண்டு வாரம். அமெரிக்காவில் தனி ஒப்பந்தம் இல்லாதவர்கள் பெரும்பாலும் எந்த நாளிலும் விலகலாம். இரண்டு வார அவகாசம் தருவது அங்கே மரியாதை சார்ந்த வழக்கமாக நிலவுகிறது. இந்தியாவில் தனியார் அலுவலகப் பணிகளைப் பொறுத்தவரை, நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

முன்னறிவிப்புக் காலம் முழுவதும் பணியாற்ற இயலாதவர் அதற்கு ஈடான ஊதியத்தைச் செலுத்திவிட்டு விலகலாமா என்பதையும் பாருங்கள். நிறுவனம் சம்மதித்தால் மட்டும் செல்லும் என்று எழுதியிருந்தால், அது உங்கள் உரிமையாகாது. கேட்டுத்தான் பெற வேண்டும். சில புதிய நிறுவனங்கள் இந்தத் தொகையைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, திருப்பித் தர வேண்டிய பணம். சேர்க்கை போனஸ், இடமாற்றச் செலவு, பயிற்சிச் செலவு ஆகியவற்றை ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற விதி பரவலாக உள்ளது. இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: போனஸ் உங்கள் கணக்குக்கு வந்தபோது வரி பிடித்ததுபோக வந்திருக்கும், நிறுவனம் திருப்பிக் கேட்பதோ வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத்தொகையாக இருக்கலாம். விதியில் எது சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்த்து, இடைவெளி இருந்தால் அதையும் மாறுவதற்கான செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த போனஸை இன்னும் செலவழிக்காதிருந்தால், தொடாமல் வைத்திருங்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றுவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பவர்கள், அது எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்பதை நண்பர்களிடம் கேட்காமல் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும்.

போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற விதி பலரை அச்சுறுத்துகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 27ஆம் பிரிவின்படி, பணியிலிருந்து நீங்கிய பிறகு ஒருவர் தம் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு பொதுவாகச் செல்லாது. கலிபோர்னியாவிலும் அத்தகைய விதிகள் செல்லாதவை. மற்ற பல இடங்களில் அவற்றுக்கு வலு உண்டு. எங்கே பணியாற்றினாலும், நிறுவனத்தின் இரகசியத் தகவலையும் கோப்புகளையும் எடுத்துச் செல்லக் கூடாது என்ற கடமை தொடர்கிறது. சில வாரங்களே இருந்த இடத்தில் எடுத்துச் செல்ல என்ன இருக்கும் என்று தோன்றலாம். தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பிய ஒரு பயிற்சிக் கோப்புகூடப் பின்னால் கேள்வியாகும்.

மேலாளரிடம் சொல்வது

முடிவு உறுதியானதும் நாள்களைக் கடத்தாதீர்கள். உங்களுக்குப் பயிற்சி தர ஒருவர் நேரம் ஒதுக்குகிறார், உங்களை நம்பி ஒரு வேலைத்திட்டம் வகுக்கப்படுகிறது. ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட அவர்களின் இழப்பு கூடுகிறது, அவர்களின் கோபமும் கூடுகிறது.

முதலில் அறிய வேண்டியவர் உங்கள் நேரடி மேலாளர். மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மேலாளர் அதன் வழியே அறியும்படி விடுவது, அவரைப் பிறர் முன்னிலையில் தலைகுனிய வைப்பதற்குச் சமம். "சார், உங்களிடம் தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும்" என்று கேட்டு, நேரிலோ காணொளி அழைப்பிலோ பேசுங்கள். பேச்சின் முதல் வாக்கியத்திலேயே செய்தி வந்துவிட வேண்டும்: "இங்கே சேர்வதற்கு முன்பு கலந்துகொண்ட ஒரு தேர்வின் முடிவு இப்போது வந்திருக்கிறது. அந்தப் பணியை ஏற்றுக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். என்னைச் சேர்த்துப் பயிற்சி அளித்த உங்களுக்கு இது சிரமம் என்பதை அறிவேன், அதற்காக வருந்துகிறேன்." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இல்லாத உடல்நலக் குறைவையும் குடும்பச் சிக்கலையும் காரணமாகக் காட்டுவோர் உண்டு. சில நாள்களில் புதிய பதவியை இணையத்தில் நீங்களே அறிவிக்கப்போகிறீர்கள். அன்றே அந்தப் பொய் வெளிப்படும்.

"இப்போதுதானே சேர்ந்தீர்கள், இங்கே என்ன குறை?" என்று மேலாளர் கேட்பார். குறைகளைப் பட்டியலிடத் தொடங்கினால், ஒவ்வொன்றையும் சரிசெய்வதாக அவர் சொல்ல, நீங்கள் மறுக்க, அந்தப் பேச்சு விவாதமாக மாறிவிடும். "இங்கே குறை ஒன்றுமில்லை, அந்தப் பணி நான் நெடுநாளாக எதிர்பார்த்தது" என்பது போதுமானது. புதிய நிறுவனத்தின் பெயரையும் ஊதியத்தையும் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. ஒப்பந்தத்தில் அப்படி விதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊதியத்தை உயர்த்தித் தருகிறோம், இருங்கள் என்று சிலர் சொல்வார்கள். நெடுநாள் பணியாற்றியவருக்கு இந்த எதிர்ச்சலுகை ஒருவேளை பொருந்தலாம். சேர்ந்த சில வாரங்களில் ஏற்றுக்கொண்டால், புதிய நிறுவனத்துக்குக் கொடுத்த வாக்கை மீறியவராகவும், பழைய இடத்தில் மிரட்டி உயர்வு பெற்றவராகவும் ஒரே நாளில் ஆகிவிடுவீர்கள். மறுத்துவிடுவதே நல்லது.

பேசி முடித்த அன்றே கடிதத்தை அனுப்புங்கள். அது சிறியதாக இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் வகிக்கும் பதவியிலிருந்து விலகுகிறேன் என்பதை இக்கடிதத்தின் வழியே தெரிவித்துக்கொள்கிறேன். நியமனக் கடிதத்தின்படி தகுதிகாண் பருவத்தில் எனக்குரிய முன்னறிவிப்புக் காலம் 15 நாள். அதன்படி இம்மாதம் 20ஆம் தேதி என் கடைசிப் பணிநாளாக அமையும். என் பொறுப்பிலுள்ள பணிகளையும் நிறுவனத்தின் பொருள்களையும் அதற்குள் ஒப்படைத்துவிடுவேன். இக்கடிதம் கிடைத்ததையும் என்னை விடுவிக்கும் தேதியையும் எழுத்து வழியே உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நாள் கணக்கை உங்கள் ஒப்பந்தத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து அனுப்பும்போது உங்கள் தனிப்பட்ட முகவரியையும் நகல் பெறுபவராகச் சேர்த்துவிடுங்கள். சில நிறுவனங்கள் ராஜினாமா வந்த அன்றே கணினி அணுகலை நிறுத்திவிடுகின்றன. அன்றே வெளியேறுமாறு சொல்லப்படவும் வாய்ப்புண்டு. அப்படி நேர்ந்தால் முன்னறிவிப்புக் காலத்துக்கு ஊதியம் உண்டா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

உங்களை அந்த வேலைக்குப் பரிந்துரைத்த நண்பர் ஒருவர் உள்ளே இருந்தால், மேலாளரிடம் பேசிய கையோடு அவரிடமும் சொல்லிவிடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட காலம் நீடித்தால்தான் அவருக்குப் பரிந்துரைத் தொகை என்று விதி இருக்கலாம். பணம் போகட்டும், மூன்றாம் மனிதர் வாயிலாக அவர் அறிவதுதான் மனத்தாங்கலை உண்டாக்கும். ஆள்சேர்ப்பு முகமை வழியாகச் சேர்ந்திருந்தால் அவர்களிடமிருந்தும் அழைப்பு வரும், குரல் சற்றுக் கடுமையாகவே இருக்கும். நீங்கள் குறுகிய காலத்தில் விலகினால் அவர்கள் பெற்ற கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு ஆளை அனுப்ப வேண்டும் என்று நிறுவனத்தோடு உடன்பாடு செய்திருப்பார்கள். அது அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. பணிவாகக் கேட்டுக்கொண்டு, முடிவில் மாற்றமில்லை என்று சொன்னால் போதும்.

எஞ்சிய நாள்கள்

உங்களிடம் பெரிய பொறுப்புகள் இன்னும் வந்திருக்க மாட்டா. ஆயினும் எதைத் தொடங்கினீர்கள், எங்கே நிற்கிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். மடிக்கணினி, அடையாள அட்டை, சாவி ஆகியவற்றை ஒப்படைக்கும்போது ஒப்புகை பெறுங்கள். இரு நிறுவனங்களிலும் தேதிகள் ஒரு நாள்கூட ஒன்றன்மீது ஒன்று விழாதபடி, விடுவிப்புக்கு அடுத்த நாளோ அதற்குப் பின்னரோ புதிய இடத்தில் சேருங்கள். மருத்துவக் காப்பீடு பழைய இடத்தில் என்று முடிகிறது, புதிய இடத்தில் என்று தொடங்குகிறது என்பதையும் கேட்டு, நடுவில் இடைவெளி இருந்தால் தனிக் காப்பீட்டால் அதை அடைத்துக்கொள்ளுங்கள்.

விடுவிப்புக் கடிதம், ஊதியச் சீட்டுகள், கணக்குத் தீர்வுத் தாள் ஆகியவற்றைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாப்பாக வையுங்கள். தீர்வுத் தாளில், பணியாற்றிய நாள்களுக்கு உரியதைவிடக் கூடுதலாக எடுத்துவிட்ட விடுப்புக்கும் பிடித்தம் இருக்கலாம்; கூட்டிக் கழித்துச் சரிபாருங்கள். வரி இன்னொரு தலைவலி. ஒரே வரியாண்டில் இரண்டு நிறுவனங்களிடம் ஊதியம் பெறும்போது, ஒவ்வொன்றும் தான் தந்த ஊதியத்தை மட்டும் வைத்து வரிச்சலுகையைக் கணக்கிட்டால், பிடித்தம் குறைவாகி ஆண்டிறுதியில் மொத்தமாகச் செலுத்த நேரும். முந்தைய ஊதிய விவரத்தைப் புதிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடம் சேர்ந்த முதல் மாதத்திலேயே கொடுத்துவிட்டால், அவர்கள் பிடித்தத்தை அதற்கேற்ப மாற்றியமைப்பார்கள்.