வாள் தேயட்டும், கேடயம் தேய வேண்டாம்

நிண்டெண்டோ 2017இல் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ வீடியோ ஆட்டத்தில் புதிதாக இறங்குபவர்கள் பலர், நல்ல வாள்களைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு, கேடயத்தை வருகிற அடிக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பேன். எதிரி மீது படும் ஒவ்வொரு வெட்டிலும் வாள் தேய்ந்தே தீரும். கேடயமோ, எதிரியின் அடியைச் சரியான நொடியில் தட்டிவிட்டால் தேய்வதே இல்லை.

தட்டிவிடுவதற்கு, இசட்எல் பொத்தானால் கேடயத்தை ஏந்தியபடி, அடி விழும் தறுவாயில் ஏ பொத்தானை அழுத்த வேண்டும். பழகுவதற்கு ஏற்ற இடம், ஆட்டம் தொடங்கும் கிரேட் பிளேட்டோவிலுள்ள ஈஸ்டர்ன் ஆபி இடிபாடு. அங்கே கார்டியன்கள் எனப்படும், ஒளிக்கதிர் வீசும் பழைய இயந்திரங்கள் நகர முடியாமல் கிடக்கின்றன. முதலில் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். கார்டியன் குறிபார்க்கும் சிவப்புக் கோடு, நாம் இயக்கும் நாயகன் லிங்க்கின் மேல் நிலைத்ததும் எச்சரிக்கை ஒலி வேகமெடுக்கும். அப்போது ஏ பொத்தானைத் தொடவே கூடாது. அதன் கண் பளிச்சிட்டு ஒளிக்கதிர் கிளம்புவதைக் கண்ட பிறகே அழுத்த வேண்டும். தொலைவு கூடினால் அதற்கேற்பச் சற்றுத் தாமதிக்க வேண்டும். நேரம் பொருந்திவிட்டால் கேடயமாக ஏந்திய வெறும் பானை மூடிகூட அக்கதிரைத் திருப்பி அனுப்பிவிடும். ஏ பொத்தானை அழுத்தாமல் மூடியை வெறுமனே ஏந்தி நின்றால் அது நொறுங்கிப்போகும்.

இரு கைகளால் பிடிக்கும் பெருவாளையோ ஈட்டியையோ உருவியிருக்கும்போது கேடயம் முதுகிலேயே தங்கிவிடுவதால், விலகுவது மட்டுமே தற்காப்பு. மேலிருந்து இறங்கும் வெட்டுக்குப் பக்கவாட்டிலும், குறுக்கே வீசும் வெட்டுக்குப் பின்னாலும் குதிக்க வேண்டும். எனவே தனி எதிரியிடம் பெருவாளும், அம்பும் கல்லும் பறந்துவரும் கூட்டத்தில் ஒரு கை வாளோடு கேடயமும் எனப் பிரித்துக்கொள்வது நல்லது.

ஆயுதம் உடையப்போகிறது என்ற அறிவிப்பு திரையில் வந்ததும் சிலர் அதை உறையில் போட்டுவிடுகிறார்கள். அது வீண் சிக்கனம். ஆர் பொத்தானைப் பிடித்துக் குறிபார்த்து எறிந்தால், உடையும் அந்த அடி இரட்டிப்பாக விழும், பையிலும் ஓர் இடம் காலியாகும். பாறை உடைக்க வாளைச் செலவழிக்காதீர்கள். அதற்குத் தீராத வெடிகுண்டு கையிலேயே இருக்கிறது.

ஹைரூல் கோட்டைச் சிறையில் ஸ்டால்நாக்ஸ் என்ற எலும்புக்கூட்டு அரக்கனை வென்றால் கிடைக்கும் ஹைலியன் கேடயத்தின் ஆயுள் 800 புள்ளி. ராயல் கேடயத்துக்கோ 29தான். இந்த எண்களை ஆட்டம் எங்கும் காட்டுவதில்லை என்பது எனக்கு இன்றும் குறைதான். மாஸ்டர் சோர்டு என்ற சிறப்பு வாள் மட்டும் உடைவதில்லை. ஆற்றல் தீர்ந்தால் 10 நிமிடத்தில் மீளும். அதன் தாக்குதல் வலிமை 30, கார்டியன்களின் அருகில் 60.

இடிமழைக்கென ஒரு மரக் கேடயத்தையும் மரத் தடியையும் பையில் ஒதுக்கிவையுங்கள்; நெருப்பின் பக்கம் மட்டும் அவற்றை எடுக்காதீர்கள். உலோக வாளில் மின்பொறி தெறிக்கத் தொடங்கினால், அதை எதிரியின் காலடியில் எறிந்துவிட்டு ஓடுங்கள். இடி அங்கே இறங்கும்.