முயல் குட்டியின் நெஞ்சுப் பள்ளத்தை எக்ஸ்ரேயில் அளப்பது எப்படி

ஏழு வார வெள்ளை ஜெயன்ட் இன முயல் குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார் ஓர் அம்மா. "டாக்டர், இதற்கு மட்டும் நெஞ்சு உள்ளே ஒட்டிக்கிடக்கிறது" என்றார். தடவிப் பார்த்தேன். மார்பெலும்பின் பின்பாதி குழிந்திருந்தது. விரல் நுனி அதில் பதிந்தது. எவ்வளவு ஆழம் என்பதை விரலால் கணிக்க முடியாது. கூடப் பிறந்த நல்ல குட்டி ஒன்றையும் மறுநாள் எடுத்துவரச் சொன்னேன்.

இரண்டு படம் போதும்: ஒன்று கவிழ்த்துப் படுக்கவைத்து, இன்னொன்று பக்கவாட்டில். மல்லாக்கப் போடாதீர்கள். முயலுக்கு நெஞ்சறை சிறியது, வயிறு பெரியது. மல்லாந்தால் வயிற்றின் பாரம் நுரையீரலை அழுத்தும். குழிந்த நெஞ்சுள்ள குட்டி அதைத் தாங்காது. முன்கால்களை நன்றாக முன்னே இழுத்துவிடுங்கள். நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடும் பிராணி என்பதால் எக்ஸ்போஷர் நேரம், அதாவது கதிர் பாயும் நேரம், மிகக் குறைவாக இருக்கட்டும். மூச்சை உள்ளிழுத்த கணத்தில் எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் இட வல விலா எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் உடல் திரும்பியிருக்கிறது என்று பொருள். அந்தப் படத்தில் அளக்காதீர்கள்.

அளப்பது பத்தாவது மார்பு முள்ளெலும்புக்கு நேராக. பள்ளம் வேறிடத்தில் ஆழமாக இருந்தால் அதற்கு நேராக உள்ள முள்ளெலும்பில். முன்னாலிருந்தே எண்ணுங்கள். முயலுக்குப் பெரும்பாலும் 12 ஜோடி விலா, சிலவற்றுக்கு 13. பின்னாலிருந்து எண்ணினால் ஒன்று தவறிவிடும்.

முதல் கணக்கு அகலத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள விகிதம். கவிழ்ந்த படத்தில் நெஞ்சின் அகலம் 50 மி.மீ. பக்கவாட்டுப் படத்தில் முள்ளெலும்பின் அடிவிளிம்பிலிருந்து மார்பெலும்பின் மிக அருகிலுள்ள புள்ளிவரை 24 மி.மீ. வகுத்தால் 2.08. நல்ல குட்டிக்கு 42, 36, விகிதம் 1.17. இரண்டு படங்களிலிருந்து எடுக்கும் கணக்கு என்பதால் எக்ஸ்ரே குழாயின் தூரத்தை மாற்றக் கூடாது.

இரண்டாவது கணக்கு, முள்ளெலும்பு விகிதம். இது ஒரே படத்தில் முடிவதால் உருப்பெருக்கம் தொல்லை தராது. முள்ளெலும்பு உடலின் (அதன் கட்டையான நடுப்பகுதியின்) மேல்விளிம்பிலிருந்து மார்பெலும்புவரை 28 மி.மீ., முள்ளெலும்பு உடலின் உயரம் 4 மி.மீ., விகிதம் 7. நல்ல குட்டிக்கு 10.

இங்கேதான் நான் மிகவும் அஞ்சுவது. மேல்விளிம்பை ஒரே ஒரு மி.மீ. உயர்த்திக் குறித்திருந்தால் 29-ஐ 5-ஆல் வகுத்து 5.8 வந்திருக்கும். நாய், பூனைக்கான அட்டவணையில் இந்த விகிதம் 6-க்குக் கீழே போனால் 'கடுமை'. 6 முதல் 9 வரை 'நடுத்தரம்'. பென்சில் கோட்டின் தடிமனில் ஒரு குட்டியை அறுவை மேசைக்கு அனுப்பிவிடலாம். படத்தைப் பெரிதாக்கி மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

அந்த அட்டவணையும் நாய்க்கும் பூனைக்கும் ஏற்பட்டது. முயலின் நெஞ்சுக்கூடு வேறு அமைப்பு. அதனால்தான் கூடப் பிறந்த குட்டியைக் கேட்டேன். எண்ணைப் பார்ப்பதற்கு முன் குட்டியைப் பாருங்கள்: மூக்கை மேலே தூக்கி மூச்சு வாங்குகிறதா, தீவனம் எடுக்கிறதா, எடை ஏறுகிறதா? இந்தக் குட்டி கீரைத்தண்டை என் கையிலிருந்தே பிடுங்கித் தின்றது. கத்தியை எடுக்கவில்லை, மூன்று வாரம் கழித்து மறுபடி அளக்க நாள் குறித்தேன். எந்த முள்ளெலும்பில் அளந்தேன் என்பதைப் படத்தின் ஓரத்திலேயே எழுதிவைத்திருக்கிறேன்.